அங்கன்வாடியா, நர்சரியா, மாண்டிசோரியா, அப்பத்தா வீடா? செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு மூன்று வயது நிறையப்போகிறது. தெருமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மஞ்சள் வேன் வந்து அழைத்துப் போகும் நர்சரி இருக்கிறது. அதையும் தாண்டி, வாசலில் ‘மாண்டிசோரி’ என்று பலகை வைத்த பள்ளி ஒன்று இருக்கிறது. வீட்டிலோ அப்பத்தா, “பச்சைப் பிள்ளையை இப்போதே எதற்கு அனுப்ப வேண்டும்? நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கத்து இளம் தாய்மார்கள் பங்குனி, சித்திரை மாதங்களில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரே கேள்விதான். மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்பதால் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் குழந்தையின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். பலகையில் எழுதியிருக்கும் பெயரை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், குழந்தைக்குச் சொந்தமான நேரம். தான் விரும்பியதைத் தானே எடுத்து, போதும் என்று தோன்றும்வரை திரும்பத் திரும்பச் செய்ய நாளில் ஒரு மணி நேரமாவது இடையூறில்லாமல் கிடைக்கிறதா? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துப் பாடம் மாற்றும் இடத்தில் அது கிடைக்காது. குழந்தையை மையமாக வைத்த கல்வி என்று யார் எவ்வளவு விளக்கினாலும் அதன் உயிர் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அறையில் இருக்கும் பெரியவர். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டிய தர நெறிகள், 3 முதல் 6 வயதுவரை 20 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கும் சிறியவர்கள் என்றால் 10 பேருக்கு ஒருவர் என்கின்றன. எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: அழும் குழந்தையிடம் அவர் எப்படிப் பேசுகிறார்?

மூன்றாவது, மொழி. ‘வயிறு வலிக்கிறது’, ‘அவன் என்னைத் தள்ளினான்’ என்பதை வகுப்பின் மொழியில் சொல்லத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளை அங்கே ஊமையாகிவிடுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. நான்காவது, உடம்பு: சாப்பாடு, மதியத் தூக்கம், கழிப்பறை, பயணம். ஐந்தாவது, இதற்குப் பிறகு எந்தப் பள்ளி என்பது. செலவை ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன். விளம்பரத் தாளில் வராத செலவுகள்தான் அதிகம்.

நான்கு வயதில் எத்தனை எழுத்து எழுதுகிறது என்பதை நான் அளவுகோலாகவே வைக்கவில்லை. மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் சில மட்டுமே எலும்பாக உருவாகியிருக்கும்; மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதால் எழுத்து சீக்கிரம் வருவதில்லை, வெறுப்புதான் சீக்கிரம் வருகிறது. மாவு பிசையட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும், துணி பிழியட்டும். எழுதும் கை அப்படித்தான் உருவாகும்.

## அங்கன்வாடி

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை இவை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ‘சத்துமாவு கொடுக்கும் இடம்’ என்று மட்டும் நினைத்து ஒதுக்குகிறவர்கள் இதன் வேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, மாண்டிசோரி முறையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றியவர். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக், பின்னாளில் அனுதாய் வாகுடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அந்த முறையைக் கொண்டுபோனார். விலையுயர்ந்த சாதனங்கள் இருந்த இடத்தில் கூழாங்கல், இலை, விதை, களிமண் வந்தன. அங்கன்வாடி என்ற எண்ணம் அங்கே முளைத்தது. ஆகவே மாண்டிசோரியும் அங்கன்வாடியும் எதிரெதிர்க் கரைகள் என்று நினைப்பவர்கள், இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. கருப்பொருளை மையமாக வைத்துப் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று அமைந்தது. அதை மனம் வைத்து நடத்தும் பணியாளர் வாய்த்தால், பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. சொந்தத் தெரு, சொந்த மொழி, நடந்துபோகும் தூரம், சூடான சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மறைந்திருக்கும் விலை வேறிடத்தில் இருக்கிறது. பணியாளரின் நேரத்தைப் பதிவேடும் கைபேசியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கர்ப்பிணிகள் பட்டியல், போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை, கூட்டம் என்று அவர் எழுந்து போகிற நாள்களில் உதவியாளர் ஒருவரே சமைக்கவும் வேண்டும், பிள்ளைகளைப் பார்க்கவும் வேண்டும். அன்றைக்குக் குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் எத்தனை நாள் அப்படிப் போகிறது என்பதை எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொரு தயக்கத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். ‘நம் வீட்டுப் பிள்ளை அங்கே போவதா’ என்ற கௌரவம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது மூன்று வயதில் கிடைக்கிற பெரிய கல்வி என்பது என் உறுதியான நம்பிக்கை. கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தொடங்கினால் ஓட்டைக் கூரையும் உடைந்த கழிப்பறைக் கதவும் விரைவில் சரியாகும்.

2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. உங்கள் மையம் அவற்றில் ஒன்று என்றால் முதல் வகுப்புக்கு அதே வளாகத்துக்குள் நடந்து போய்விடலாம்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: பணியாளர் நல்லவராக அமைந்த ஊர், அரைநாள் போதும் என்கிற வீடு, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளை. மற்றக் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்தால் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிடும்.

## நர்சரி

நேரம் நிச்சயம், கட்டடம் பாதுகாப்பு, பன்னிரண்டாம் வகுப்புவரை கவலையில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. குறை சொல்லுமுன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் குழந்தைக்குச் சொந்தமான நேரம் என்ற அளவுகோலில் பெரும்பாலான நர்சரிகள் தோற்றுவிடுகின்றன. பெஞ்சு, நான்கு கோட்டு நோட்டு, அர்த்தம் தெரியாத ஆங்கிலப் பாட்டு, மாலையில் வீட்டுப்பாடம், டைரியில் சிவப்பு மை. சுவரில் ஒட்டியிருக்கும் முப்பது யானைப் படங்களும் ஒரே நிறத்தில், கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போகாமல் இருந்தால், வண்ணம் தீட்டியது யாருடைய கை என்று யோசியுங்கள்.

செலவு: கட்டணத்துக்கு மேல் புத்தகத் தொகுப்பு, சீருடை, சித்திரை வெயிலிலும் கழற்ற முடியாத ஷூ, ஆண்டு விழா உடை வாடகை, வேன். இவற்றில் வேனைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முதலில் ஏறும் பிள்ளைக்குப் பள்ளி நான்கு கிலோமீட்டர்தான் என்றாலும் ஊர் ஊராகச் சுற்றி முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு வழிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேனில் அனுப்புவது எந்தப் பள்ளிக்காக இருந்தாலும் நஷ்டக் கணக்கு என்பேன். காலையில் அரைத் தூக்கத்தில் எழுப்பி, அவசரமாக இட்லியை ஊட்டி, அழுகையோடு ஏற்றிவிட்ட பிள்ளை வகுப்பில் என்ன கற்கும்?

கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலான தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அது எல்கேஜியிலிருந்தே தொடங்குகிறது. நலிந்த பிரிவு என்பதற்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த இடம் கிடைத்தாலும் வேன், சீருடை, புத்தகச் செலவு யாருடையது என்று சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படிக்கும் வீடு, முழுநாள் பொறுப்பு தேவைப்படும் பெற்றோர், எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டை மூடிவைத்துப் பிள்ளைகளை மணலில் விடத் துணிந்த ஓர் ஆசிரியை இருக்கும் வகுப்பு. அப்படிப்பட்டவர்களை நம் பகுதியில் நான் பார்த்திருக்கிறேன். பள்ளியைப் பார்க்காமல் அந்த ஆசிரியையைப் பார்த்துச் சேர்க்கலாம்.

## மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தார். இன்றைக்கு அதிகக் கட்டணத்தோடு சேர்த்து உச்சரிக்கப்படும் இந்த முறை, வேலைக்குப் போன ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளுக்காகப் பிறந்தது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து முதல் இந்தியப் பயிற்சியை நடத்தினார். இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கினார். நம் மாநிலத்துக்கு இது புதிய சரக்கு அல்ல.

உண்மையான மாண்டிசோரி அறையில் மூன்று முதல் ஆறு வயதுவரை எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் வேலை நடக்கும். தாழ்வான அலமாரியில் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்று இருக்கும். வேண்டியவர் காத்திருக்க வேண்டும். 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர்வரை பத்துக் கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரத்தை அடுக்கும் குழந்தை, பெரியதும் சிறியதும் இடம் மாறினால் தானே கண்டுபிடித்துத் திருத்தும். ‘தப்பு’ என்று சொல்ல ஆசிரியை தேவையில்லை. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. தண்ணீரைக் குவளையிலிருந்து குவளைக்கு ஊற்றுவது, கொட்டினால் தானே துடைப்பது, பொத்தான் போடுவது எல்லாம் பாடமே.

மேலே சொன்ன அளவுகோல்களில் முதலாவதில் இதற்கு ஈடில்லை. நல்ல மாண்டிசோரியில் மூன்று ஆண்டுகள் முழுதாக இருந்த பிள்ளைகளிடம் ஒரு நிதானம் வருகிறது. எடுத்த வேலையை முடிக்கும் பழக்கம் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது யாருக்கும் பதிவுரிமை உள்ள பெயர் அல்ல. கண்ணாடி அலமாரியில் சாதனங்களைப் பூட்டிவைத்து, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக் காட்டும் பள்ளியும் அதே பலகையை மாட்டலாம். ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆசிரியை எங்கே, எத்தனை மாதம் பயிற்சி பெற்றார்? மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா? விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்து தமிழில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் தயக்கம்தான் பதில். ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும் என்பார்கள். உயிரும் மெய்யும் தடவிப் பழகிய குழந்தை, உயிர்மெய்க் குறிகளைத் தானே சேர்த்துப் பார்த்து வாசிக்கத் தொடங்கும் அழகை அவர்கள் இழக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு: இடையில் எடுத்துவிட்டால் பாதிப் பலன் போய்விடும். மூன்றாம் ஆண்டில்தான் பெரிய பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும். பலரும் ‘எழுதவே வரவில்லையே’ என்று பயந்து இரண்டாம் ஆண்டிலேயே நர்சரிக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு வழக்கமான முதல் வகுப்பில் பெஞ்சில் உட்காரப் பழக ஒரு பருவமாவது ஆகும். வீட்டிலும் நீங்கள் மாற வேண்டியிருக்கும். பள்ளியில் தானே சட்டை போடும் பிள்ளைக்கு வீட்டில் மூன்று பேர் சேர்ந்து போட்டுவிட்டால் அந்தக் கட்டணத்தால் பயனில்லை.

இது சிறந்த தேர்வாகும் இடம்: பயிற்சி பெற்றவர் நடத்தும் பள்ளி அருகில் இருக்க வேண்டும், மூன்று ஆண்டுகள் ஊர் மாற மாட்டோம் என்ற உறுதி வேண்டும். சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அடுத்த ஆண்டே போகப்போகிறவர்கள் இதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

## அப்பத்தாவும் ஆயாவும்

அப்பாவின் அம்மாவோ அம்மாவின் அம்மாவோ வீட்டில் பார்த்துக்கொள்வதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன்.

மூன்றரை வயதுவரை, பேச்சும் பொறுமையும் உள்ள ஒரு பெரியவரோடு வீட்டில் இருப்பது பல பள்ளிகளைவிட மேல். நம் வீடுகளில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. வளவு எனும் உள்வீட்டின் நடு முற்றத்தில் மழை விழுவதைப் பார்க்கலாம். ஆத்தங்குடித் தரையில் சிவப்புக் கல்லை மட்டும் மிதித்துக் குதிக்கலாம். வடிவமும் ஒழுங்கும் உடம்பின் வழியாகவே உள்ளே போகும். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, முறத்தில் கல் பொறுக்குவது, காய்ந்த துணியை மடிப்பது ஆகியவற்றைத்தான் மாண்டிசோரி ‘வாழ்க்கைப் பயிற்சி’ என்று முறைப்படுத்தினார். பனையோலைக் கொட்டான் (கூடை) பின்னும் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை, ஓலை ஒன்று மேலே, ஒன்று கீழே போவதைப் பார்த்துக்கொண்டே மாறிமாறி வரும் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்று வைத்து அப்பத்தாவோடு ஆடும் நான்கரை வயதுப் பிள்ளை, ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிறது. எண்ணிப் பார்க்காமலே நான்கைக் கண்ணால் அடையாளம் கண்டுவிட்டது. நோட்டில் நூறு முறை 4 எழுதிய பிள்ளைக்கு இது வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கும் விலை உண்டு. முதலாவது, கைபேசி. அப்பத்தாவுக்கு முழங்கால் வலித்தால் பிள்ளையின் கைக்கு அது போகும். ஒருமுறை போனால் பல்லாங்குழி பரணுக்குப் போய்விடும். இரண்டாவது, ஒத்த வயதுப் பிள்ளைகள் இல்லாமை. கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சண்டைபோட்டுச் சமாதானமாகக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையாவது வேண்டும். பெரியவர்கள் எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது, கிணறும் ஊருணியும். கிணற்றுக்கு மூடி போடாமல், பின்கட்டுக் கதவுக்குத் தாழ் போடாமல் இந்தத் தேர்வை எடுக்கவே கூடாது. நான்காவதாக, பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவின் உடம்பையும் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அவர் உழைப்புக்கு விலை போடாததால் அது இலவசம் ஆகிவிடாது. காலையில் வீட்டுவேலைக்கு உதவ ஓர் ஆள் வைத்துக் கொடுங்கள்.

நான்கு வயதுக்குப் பிறகு இது மட்டும் போதாது. காலையில் அங்கன்வாடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு என்ற கலவையைத்தான் நம் ஊர்ச் சூழ்நிலைக்கு நான் அதிகம் பரிந்துரைக்கிறேன்.

விளையாட்டுப் பள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. நெகிழி வீடும் சறுக்குமரமும் இருப்பதால் அது குழந்தைமையக் கல்வி ஆகிவிடாது. பத்துப் பேருக்கு ஒருவர் இருக்கிறாரா, மணல், தண்ணீர், மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரைநாளுக்கு நல்லது.

## அவரவர் நிலைமைக்கு

கணவர் வெளிநாட்டில், நீங்கள் மாமியார் வீட்டில், இரண்டு ஆண்டில் ஊர் மாறலாம் என்ற நிலைமையா? அங்கன்வாடியும் வீடும் போதும். மாதக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்துக்குத் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி, இரவில் மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

காரைக்குடி நகருக்குள்ளேயே இருவரும் வேலைக்குப் போகிறீர்களா? நல்ல மாண்டிசோரி பத்து நிமிடத்தில் இருந்தால் அது. இல்லையென்றால் மதியத் தூக்கத்துக்குப் பாய் விரிக்கும் நர்சரி. ‘தூங்கவைப்பீர்களா?’ என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே அந்தப் பள்ளியின் மனம் தெரியும்.

பேச்சு தாமதமாக வரும் பிள்ளையா? எங்கே சேர்ப்பது என்பதற்கு முன் மருத்துவரிடம் காதைப் பரிசோதியுங்கள். பிறகு தமிழில் அதிகம் பேசும், குறைவான பிள்ளைகள் உள்ள இடத்தைத் தேடுங்கள்.

வயதை முன்னே தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் முதல் வகுப்பு. தேசியக் கல்விக் கொள்கை 6 என்கிறது. கேந்திரிய வித்யாலயாவும் முதல் வகுப்புக்கு 6 வயது கேட்கிறது. இரண்டரையில் அவசரப்பட்டுச் சேர்த்து, பின்னால் அங்கே மாற்ற நினைத்தால் ஒரே வகுப்பில் இரண்டு முறை உட்கார நேரிடும்.

## போய்ப் பார்க்கும் நாளும், சேர்த்த பிறகும்

சேர்க்கை விழா நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்குப் போய் அரை மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? கழிப்பறைத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? தண்ணீர் கொட்டிவிட்டால் துணி எடுப்பது யார்? உட்கார அனுமதிக்கவே மாட்டோம் என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த முதல் வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க இடம் தரும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு அரைநாள் என்று கூட்டுங்கள். பிள்ளை திரும்பிப் பார்க்காத நேரம் பார்த்து நழுவி வராதீர்கள். போகிறேன், சாப்பாட்டு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஆறு வாரம் கழித்தும் இரவில் படுக்கை நனைந்தாலோ, காலையில் வாந்தி வந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ பிள்ளையைத் திட்டாமல் ஆசிரியையிடம் தனியாகப் பேசி நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதன்பிறகும் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லையென்றால், கட்டிய பணத்தை எண்ணித் தயங்காமல் வெளியே எடுத்து, தை மாதம்வரை வீட்டில் வைத்திருந்து, மீண்டும் அரைநாளிலிருந்து தொடங்குங்கள்.